பதின்மூன்றும் பதினான்கும்

பனித்தளத்தின் கதை – 12

13, 14. குளிர்கால ஒலிம்பிக்கின் ஐஸ் டான்ஸ் போட்டி 1980 பிப்ரவரியில் அமெரிக்காவின் லேக் பிளாசிட் என்ற சின்ன மலையூரில் முடிந்து, நடுவர்கள் தந்த இடங்களைக் கூட்டிப் பார்த்தபோது கிடைத்த எண்கள் இவை. இங்கே எண் குறைந்தால்தான் நல்லது. சோவியத் ஜோடியான நத்தாலியா லினிச்சுக், கெனாடி கார்போனோசவ் வாங்கியது 13. ஹங்கேரி ஜோடியான கிறிஸ்டினா ரெகோட்ஸி, அந்த்ராஷ் ஷல்லாய் வாங்கியது 14. ஒன்பது நடுவர்களில் ஐந்து பேர் சோவியத் ஜோடிக்கு முதலிடம் தந்தார்கள். நான்கு பேர் ஹங்கேரி ஜோடிக்கு. அந்த ஐவரில் ஒருவர் மட்டும் வேறு மாதிரி நினைத்திருந்தால் தங்கம் புடாபெஸ்டுக்குப் போயிருக்கும்.

அது நடக்கவில்லை. ஆனால் ஒரு மாதம் முடிவதற்குள் மேற்கு ஜெர்மனியின் டோர்ட்முண்ட் நகரில் உலகச் சாம்பியன்ஷிப் நடந்தது. அதே இரண்டு ஜோடிகள் மறுபடி மோதின. அங்கே தங்கம் ஹங்கேரிக்கு!

இந்த விளையாட்டின் கதையைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில் வண்டியை நிறுத்துவதில்லை. 1970களில் சோவியத் ஜோடிகள் எப்படி ஆண்டார்கள் என்று சொல்லி முடித்ததும், நேரே 1981-க்கு, பிரிட்டனின் டார்வில்-டீன் ஜோடிக்குத் தாவிவிடுவார்கள். நடுவில் ஒரு வருடம் இருக்கிறது. அது யாரோ வழுக்கி விழுந்ததால் கிடைத்த வருடம் அல்ல. பத்து வருடம் பொறுமையாக வேலை பார்த்து வாங்கிய வருடம்.

இந்தத் தொடரை இப்போதுதான் படிக்கத் தொடங்கியவர்களுக்காக ஒரு விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிட வேண்டும். ஃபிகர் ஸ்கேட்டிங்கில் ஆணும் பெண்ணும் சேர்ந்து ஆடும் பிரிவுகள் இரண்டு. ஒன்று பேர்ஸ் எனப்படும் ஜோடிப் பிரிவு. அதில் ஆண், பெண்ணைத் தலைக்கு மேல் தூக்குவார், காற்றில் வீசுவார், இருவரும் பக்கத்தில் பக்கத்தில் எம்பிக் குதித்துச் சுழல்வார்கள். பார்க்கிறவனுக்கு ஒன்றும் தெரியாவிட்டாலும் வாய் பிளப்பான். மற்றொன்று ஐஸ் டான்ஸ். இதில் தலைக்கு மேல் தூக்கக்கூடாது. வீசக்கூடாது. பெரிய குதிப்புகள் கிடையாது. ஒருவரையொருவர் விட்டு விலகி இருக்கும் நேரத்துக்கும் கட்டுப்பாடு உண்டு. வால்ட்ஸ், டாங்கோ, ஃபாக்ஸ்டிராட் என்று நடனக்கூடத்தில் ஆடுவதைப் பனியின் மேல் ஆட வேண்டும், அவ்வளவுதான்.

இந்த 'அவ்வளவுதான்' என்பதில்தான் சிக்கல். ஸ்கேட்டிங் காலணியின் அடியில் இருக்கும் பிளேடு சில மில்லிமீட்டர் தடிமன்தான். அதன் அடிப்பாகம் நடுவில் குழிந்து, இரண்டு ஓரங்களிலும் கூர்மையாக இருக்கும். உடம்பை எந்தப் பக்கம் சாய்க்கிறோமோ அந்த ஓரம் பனியைக் கடித்து வளைகோடு போடும். நல்ல ஐஸ் டான்ஸ் ஜோடி என்றால், இரண்டு பேரின் நான்கு பிளேடுகளும் ஆழமான வளைவுகளில், இசையின் தாளத்தில், ஒன்றையொன்று தட்டிவிடாமல் ஓட வேண்டும். அதுவும் ஒருவர் முன்னோக்கியும் மற்றவர் பின்னோக்கியும் போகும்போது! வேகம் கூடக்கூட இது கடினமாகிறது. ஆனால் நன்றாகச் செய்தால் மிகச் சுலபமாகத் தெரியும். எவ்வளவு நன்றாக ஆடுகிறார்களோ, அந்த அளவுக்கு அவர்கள் படும் பாடு கண்ணில் படாது. இந்த விளையாட்டின் அழகும் அதுதான், சாபமும் அதுதான்.

விழுந்தால் தெரியும். விழாதபோது யார் மேல் என்று எப்படித் தீர்மானிப்பது? அங்கேதான் நடுவரின் கண் வருகிறது. நடுவரின் கண் வந்தால் கூடவே நடுவரின் ஞாபகமும் வரும். போன வருடம் இவர்கள் முதலிடம், அவர்கள் நான்காமிடம் என்ற ஞாபகம். அந்தக் காலத்தில் ஒரு ஐஸ் டான்ஸ் போட்டியில் முதலில் மூன்று கட்டாய நடனங்கள் ஆட வேண்டும். எல்லா ஜோடிகளுக்கும் ஒரே காலடிகள், ஒரே வடிவம், ஒரே வகை இசை. அடுத்து, தாளம் மட்டும் குறித்துத் தரப்படும் ஒரு நடனம். காலடிகளை ஜோடியே அமைத்துக்கொள்ளலாம். கடைசியாக நான்கு நிமிடச் சுதந்திர நடனம். வருடக்கணக்கில் அதே கட்டாய நடனங்களை, பெரும்பாலும் அதே நடுவர் வட்டத்துக்கு முன்னால் ஆடிக் காட்டும்போது தரவரிசை இறுகிப்போவதில் வியப்பில்லை. முன்பந்தி எழுந்தால்தான் அடுத்த பந்திக்கு இலை விழும் என்பது போலத்தான் ஐஸ் டான்ஸ் பல காலம் நடந்தது. மேலே இருப்பவர்கள் ஓய்வு பெற வேண்டும். அப்போதுதான் கீழே இருப்பவர்கள் ஒரு படி ஏறலாம்.

அந்த முன்பந்தியில் 1970 முதல் உட்கார்ந்திருந்தது சோவியத் யூனியன். முதலில் லூத்மிலா பகோமோவாவும் அலெக்சாண்டர் கோர்ஷ்கோவும். 1970 முதல் 1974 வரை தொடர்ந்து ஐந்து உலகப் பட்டங்கள். கோர்ஷ்கோவுக்கு நுரையீரலில் அறுவை சிகிச்சை நடந்ததால் 1975-இல் மட்டும் அவர்கள் உலகப் போட்டிக்கு வரவில்லை. அந்த இடத்தையும் இன்னொரு சோவியத் ஜோடியே நிரப்பியது: இரினா மொய்சேயெவா, ஆந்த்ரேய் மினென்கோவ். 1976-இல் பகோமோவாவும் கோர்ஷ்கோவும் திரும்பி வந்து ஆறாவது பட்டத்தையும், ஐஸ் டான்ஸ் முதன்முதலாக ஒலிம்பிக்கில் சேர்க்கப்பட்ட இன்ஸ்புருக்கில் தங்கத்தையும் வாங்கிக்கொண்டு விலகினார்கள். 1977 மறுபடி மொய்சேயெவா ஜோடிக்கு. 1978, 1979 லினிச்சுக் ஜோடிக்கு. பத்து வருடம், பத்துப் பட்டம், பத்தும் ஒரே நாட்டுக்கு.

இந்த வரிசையில் ஹங்கேரிக்காரர்கள் எங்கிருந்து வந்தார்கள்?

ஹங்கேரிக்குப் பனி ஒன்றும் புதிதல்ல. புடாபெஸ்டின் நகரப் பூங்காவில் ஓர் ஏரி உண்டு. குளிர்காலத்தில் உறையும் அந்த ஏரியில் 1870-இலேயே முறையான பனித்தளம் திறந்துவிட்டார்கள். கரையில் 1890களில் அரண்மனை போன்ற ஒரு கட்டடம் எழுந்தது. 1926-இல் செயற்கைப் பனியும் வந்தது. இன்றும் அது ஐரோப்பாவின் மிகப் பெரிய திறந்தவெளிப் பனித்தளங்களில் ஒன்று. இப்படிப்பட்ட ஊர் சாம்பியன்களை உருவாக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். பெண்கள் பிரிவில் லில்லி குரோன்பெர்கர் 1908 முதல் 1911 வரை நான்கு உலகப் பட்டங்கள் வென்றார். அவர் விட்ட இடத்திலிருந்து ஓபிகா மேராய் ஹோர்வாத் 1912 முதல் 1914 வரை மூன்று. முதல் உலகப் போர் வெடிக்கும்வரை ஏழு ஆண்டுகள், உலகின் சிறந்த ஸ்கேட்டிங் பெண்மணி ஹங்கேரிக்காரிதான்.

அதற்குப் பின் ஜோடிப் பிரிவு. எமிலியா ரோட்டர், லாஸ்லோ சொல்லாஷ் 1930களில் நான்கு முறை உலகச் சாம்பியன்கள். ஹங்கேரியின் முதல் குளிர்கால ஒலிம்பிக் பதக்கம் அவர்கள் 1932-இல் வாங்கிய வெண்கலம். அந்த ஒலிம்பிக் நடந்த ஊர் எது தெரியுமா? இதே லேக் பிளாசிட்! 1948-இல் ஆந்த்ரியா கேகேஷி, எடெ கிராய் ஜோடிக்கு ஒலிம்பிக் வெள்ளி, மறு ஆண்டு உலகப் பட்டம். மரியான்னா, லாஸ்லோ நாஜ் என்ற உடன்பிறந்தவர்கள் 1952-இலும் 1956-இலும் ஒலிம்பிக் வெண்கலம் வென்றார்கள்.

பிறகு ஓடை வற்றியது. 1956 பிப்ரவரியில் நாஜ் ஜோடி வாங்கிய வெண்கலத்துக்குப் பின் கால் நூற்றாண்டுக்குக் கிட்டத்தட்ட ஹங்கேரிக்குக் குளிர்கால ஒலிம்பிக்கில் எதுவும் இல்லை. அதே வருடம் அக்டோபரில் புடாபெஸ்டில் புரட்சி வெடித்தது. நவம்பரில் சோவியத் டாங்கிகள் நகருக்குள் நுழைந்தன. அப்போது அந்த்ராஷ் ஷல்லாய்க்கு மூன்று வயது நிறையவில்லை. அவர் பிறந்தது 1953 டிசம்பரில். கிறிஸ்டினா ரெகோட்ஸிக்கு ஒன்றரை வயது. 1955 ஏப்ரலில் பிறந்தவர். இருவரும் புடாபெஸ்ட்காரர்கள்.

இந்த இடத்தில் ஒரு பத்திரிகையாளனுக்குக் கை பரபரக்கும். டாங்கிகள் வந்த ஊரின் குழந்தைகள் வளர்ந்து, டாங்கிகளை அனுப்பிய நாட்டைப் பனியின் மேல் வென்றார்கள் என்று எழுதிவிடலாம். 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் ஹங்கேரியும் சோவியத் யூனியனும் மோதிய வாட்டர் போலோ ஆட்டத்தில் தண்ணீரில் ரத்தமே சிந்தியது. அங்கே அந்த வாக்கியம் பொருந்தும். ஐஸ் டான்ஸில் பொருந்தாது. 1970களின் ஹங்கேரி, கம்யூனிஸ்ட் தலைவர் காதாரின் ஆட்சியில் சற்று மூச்சு விட்டுக்கொண்டிருந்த நாடு. 1968-இல் பொருளாதாரச் சீர்திருத்தம் தொடங்கியிருந்தது. மேற்கோடு உறவு மற்ற கிழக்கு ஐரோப்பிய நாடுகளைவிடக் கொஞ்சம் தாராளம். அந்தத் தாராளத்தின் ஒரு துளிதான் இந்த ஜோடிக்கு உதவியது. அவர்களுக்கு ஒரு பிரிட்டிஷ் பயிற்சியாளர் கிடைத்தார்.

பெட்டி காலவே. 1928-இல் பிறந்தவர். லண்டனையொட்டிய ரிச்மண்ட் பனித்தளத்தில் பயிற்சியாளராக இருந்தவர். பிரிட்டன்தான் ஐஸ் டான்ஸின் தாய்வீடு என்பதை முந்தைய பகுதிகளில் பார்த்தோம். 1952-இல் உலகப் போட்டிகளில் ஐஸ் டான்ஸ் சேர்க்கப்பட்டதிலிருந்து 1960 வரை எல்லாப் பட்டங்களும் பிரிட்டனுக்கே போயின. நிமிர்ந்த முதுகு, நெருக்கமான பிடி, சத்தமில்லாத பிளேடு, ஆழமான வளைவு: இதுதான் அந்தப் பள்ளியின் பாடம். காலவே அதை ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனார். முதலில் மேற்கு ஜெர்மனியின் ஆங்கெலிகா, எரிக் புக் என்ற உடன்பிறப்புகள். 1972 ஐரோப்பியப் போட்டியில் அவர்கள் பகோமோவா-கோர்ஷ்கோவ் ஜோடியையே தோற்கடித்தார்கள். சோவியத் ஜோடிகளையும் வீழ்த்தலாம் என்று காட்டியவர் காலவே. புக் ஜோடியோடு சேர்ந்து அவர் அமைத்த ராவென்ஸ்பர்கர் வால்ட்ஸ் பிற்பாடு கட்டாய நடனங்களின் பட்டியலிலேயே சேர்ந்துவிட்டது. அதே காலகட்டத்தில் பகோமோவா, கோர்ஷ்கோவ், அவர்களுடைய பயிற்சியாளர் எலெனா சைக்கோவ்ஸ்கயா மூவரும் அமைத்த டாங்கோ ரொமான்டிகாவும் அந்தப் பட்டியலில் ஏறியது. ஒரே பட்டியலில் எதிரெதிர் முகாம்களின் இரண்டு கையெழுத்துகள்.

புக் ஜோடிக்குப் பின் காலவேயின் கைக்கு வந்தவர்கள் ரெகோட்ஸியும் ஷல்லாயும். அவர்கள் காதலர்களோ கணவன் மனைவியோ அல்ல. ஐஸ் டான்ஸ் என்றாலே பார்வையாளர்கள் அப்படிக் கற்பனை செய்துகொள்வார்கள். சோவியத் போட்டியாளர்களில் மொய்சேயெவாவும் மினென்கோவும் தம்பதி. லினிச்சுக்கும் கார்போனோசவும் பிற்பாடு மணந்துகொண்டார்கள். ஹங்கேரி ஜோடியிடம் இருந்தது வேறு வகை நெருக்கம். பதின்பருவத்திலிருந்து கூட ஆடிப் பழகியதால் வந்த நெருக்கம் அது. ஒருவர் மூச்சு இழுப்பது மற்றவருக்குத் தெரியும்.

பாணியிலும் வேறுபாடு இருந்தது. சைக்கோவ்ஸ்கயாவிடமும் தத்தியானா தராசோவாவிடமும் வளர்ந்த சோவியத் ஜோடிகள் நாடகத்தைப் பனிக்குக் கொண்டுவந்தார்கள். பாலே கை அசைவுகள், முகத்தில் உணர்ச்சி, கதை சொல்லும் இசை. மொய்சேயெவா பனியில் இறங்கினால் ஒரு சோக நாயகி இறங்கியது போலிருக்கும். ரெகோட்ஸியும் ஷல்லாயும் நடனக்கூடத்தை விடவில்லை. வேகம், சுத்தமான காலடி, உற்சாகம். அவர்கள் ஆடுவதைப் பார்க்கும்போது நம் காலும் தாளம் போடும். என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன்: ஐஸ் டான்ஸ் என்ற பெயருக்கு நியாயம் செய்தவர்கள் ஹங்கேரிக்காரர்கள். சோவியத் பாணியே இந்தக் கலையைப் பெரிதாக வளர்த்தது என்று வாதிடுகிறவர்களும் உண்டு. அவர்கள் சொல்வதும் பொய்யில்லை.

ஏற்றம் மெதுவாக நடந்தது. 1976 இன்ஸ்புருக் ஒலிம்பிக்கில் ஐந்தாமிடம். முதல் இரண்டு இடங்களும் நான்காம் இடமும் சோவியத் ஜோடிகளுக்கு, மூன்றாமிடம் அமெரிக்காவுக்கு. பகோமோவா விலகியதும் வரிசை நகர்ந்தது. 1977-இல் ஹெல்சிங்கியில் நடந்த ஐரோப்பியப் போட்டியில் ரெகோட்ஸி ஜோடிக்கு வெள்ளி. லினிச்சுக் ஜோடி அவர்களுக்குக் கீழே. சில வாரங்களில் டோக்கியோவில் உலகப் போட்டி. அங்கே பதக்க மேடையே கிட்டவில்லை. ஒரு படி ஏறினால் ஒரு படி சறுக்கும் விளையாட்டு இது.

அடுத்த சீசனில் ஒரு விசித்திரம் நடந்தது. தங்கள் நாட்டவருக்கே சாதகமாக மதிப்பெண் போடுகிறார்கள் என்ற புகார் வருடக்கணக்கில் குவிந்ததால், சர்வதேச ஸ்கேட்டிங் சங்கம் 1977-78 சீசன் முழுவதற்கும் சோவியத் நடுவர்களை ஒட்டுமொத்தமாக விலக்கி வைத்தது. ஒரு நாட்டின் எல்லா நடுவர்களுக்கும் தடை! சோவியத் வெற்றியெல்லாம் நடுவர்களின் கைங்கரியம் என்று நம்பியவர்கள் 1978 மார்ச்சில் கனடாவின் ஒட்டாவாவில் நடந்த உலகப் போட்டியை ஆவலோடு பார்த்திருப்பார்கள். முடிவு என்ன? முதலிடம் லினிச்சுக்-கார்போனோசவ், இரண்டாமிடம் மொய்சேயெவா-மினென்கோவ். நடுவர் குழுவில் சோவியத் நடுவர் ஒருவர்கூட இல்லாமலே சோவியத் ஜோடிகள் முதல் இரண்டு இடங்களையும் எடுத்தார்கள். மூன்றாமிடம் ரெகோட்ஸி-ஷல்லாய்.

லேக் பிளாசிட்டில் நடந்ததை மதிப்பிடுகிறவர்கள் ஒட்டாவாவையும் நினைவில் வைக்க வேண்டும். சோவியத் ஜோடிகள் உண்மையிலேயே மிக நன்றாக ஆடினார்கள். அதனால்தான் அவர்களை வெல்வது பெரிய காரியமாக இருந்தது.

1979-இல் வியன்னா. லினிச்சுக் ஜோடி மறுபடி முதலிடம். ஆனால் இரண்டாமிடத்தில் இப்போது ஹங்கேரி. இரண்டு முறை உலகப் பட்டம் வென்ற மொய்சேயெவாவும் மினென்கோவும் மூன்றாமிடத்துக்கு இறங்கினார்கள். அதே போட்டியில் எட்டாமிடம் வந்த ஒரு பிரிட்டிஷ் ஜோடியை அன்று யாரும் பெரிதாகக் கவனித்திருக்க மாட்டார்கள். அவர்களுக்கும் 1978 முதல் பயிற்சியாளர் பெட்டி காலவேதான்.

இனி 1980. மூன்று மாதங்களில் மூன்று மோதல்கள்.

ஜனவரியில் ஸ்வீடனின் கோத்தன்பர்க்கில் ஐரோப்பியப் போட்டி. லினிச்சுக் தங்கம், ரெகோட்ஸி வெள்ளி, மொய்சேயெவா வெண்கலம். பிப்ரவரியில் ஒலிம்பிக். அந்த ஒலிம்பிக் நடந்த சூழலைச் சொல்லாமல் அதன் மதிப்பெண்களைப் பேச முடியாது. 1979 டிசம்பர் கடைசியில் சோவியத் படைகள் ஆப்கானிஸ்தானுக்குள் நுழைந்திருந்தன. பிப்ரவரி 20-க்குள் படைகள் வெளியேறாவிட்டால் மாஸ்கோ ஒலிம்பிக்கைப் புறக்கணிப்போம் என்று அமெரிக்க அதிபர் கார்ட்டர் கெடு வைத்திருந்தார். அந்தக் கெடு லேக் பிளாசிட் ஒலிம்பிக்கின் நட்ட நடுவில் வந்து விழுந்தது. மூவாயிரம் பேர்கூட இல்லாத ஊர். அமெரிக்கக் கொடிகளோடு உட்கார்ந்திருந்த கூட்டம். அதே ஊரில் பிப்ரவரி 22 அன்று அமெரிக்கக் கல்லூரிப் பையன்கள் சோவியத் ஐஸ் ஹாக்கி அணியை 4-3 என்று வீழ்த்தி நாட்டையே ஆட வைத்தார்கள்.

இந்தச் சூழலில் சோவியத் ஜோடியோடு மோதும் யாருக்கும் கூட்டத்தின் அன்பு இலவசமாகக் கிடைக்கும். இத்தனைக்கும் ரெகோட்ஸியும் ஷல்லாயும் சோவியத் கூட்டாளியான வார்சா ஒப்பந்த நாட்டைச் சேர்ந்தவர்கள். அவர்களுடைய நாடு அந்தக் கோடையில் மாஸ்கோ ஒலிம்பிக்குக்குப் போகவும் செய்தது.

அந்தக் காலத்து மதிப்பெண் முறையைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம். உச்சபட்ச மதிப்பெண் 6.0. ஒவ்வொரு நடுவரும் கட்டாய நடனங்களுக்கும் சுதந்திர நடனத்துக்கும் தந்த மதிப்பெண்கள் கூட்டப்படும். அந்தக் கூட்டுத்தொகையை வைத்து, அந்த நடுவரின் கணக்கில் யார் முதல், யார் இரண்டாவது என்று இடம் தீர்மானிக்கப்படும். பிறகு, எந்த ஜோடிக்கு அதிக நடுவர்கள் முதலிடம் தந்தார்களோ அவர்களுக்குத் தங்கம். ஐந்து முதலிடங்களும் நான்கு இரண்டாமிடங்களும் சேர்ந்தால் 13. நான்கு முதலிடங்களும் ஐந்து இரண்டாமிடங்களும் சேர்ந்தால் 14. மொய்சேயெவா ஜோடிக்கு வந்தது 27. அதாவது ஒன்பது நடுவர்களும் கண்ணை மூடிக்கொண்டு அவர்களை மூன்றாமிடத்தில் வைத்தார்கள். யாருக்கு வெண்கலம் என்பதில் ஒருவருக்கும் சந்தேகம் இல்லை. யாருக்குத் தங்கம் என்பதில்தான் ஒன்பது பேர் இரண்டாகப் பிரிந்தார்கள்.

மொத்த மதிப்பெண்களைப் பார்த்தால் இடைவெளி இன்னும் மெலிந்து தெரியும். சோவியத் ஜோடிக்கு 205.48. ஹங்கேரி ஜோடிக்கு 204.52. வித்தியாசம் 0.96. ஒன்பது நடுவர்களுக்கும் பங்கிட்டால் ஆளுக்குப் பத்தில் ஒரு புள்ளியைச் சற்றே தாண்டும். மூன்று கட்டாய நடனங்கள், ஒரு தாள நடனம், நான்கு நிமிடச் சுதந்திர நடனம் எல்லாம் சேர்ந்து, ஒரு நடுவரின் தாளில் உண்டாக்கிய சராசரி வித்தியாசம் அவ்வளவுதான். மூன்றாமிடத்துக்கும் இரண்டாமிடத்துக்கும் இடையே 2.66 புள்ளி இருந்தது என்பதோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஹங்கேரியைப் பொறுத்தவரை அந்த வெள்ளியே திருவிழா. 24 ஆண்டுகளுக்குப் பின் வந்த குளிர்கால ஒலிம்பிக் பதக்கம். அதோடு, ஜோடி அங்கேயே ஆட்டத்தை முடித்துக்கொண்டிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஒலிம்பிக் ஆண்டில் பலர் அதைத்தான் செய்வார்கள். பதக்கத்தோடு வீட்டுக்குப் போய், உலகப் போட்டிக்கு வராமலே விலகிவிடுவார்கள். இவர்கள் டோர்ட்முண்டுக்குப் போனார்கள். லினிச்சுக் ஜோடியும் வந்தது. மொய்சேயெவா ஜோடியும் வந்தது. லேக் பிளாசிட்டின் மேடை மொத்தமாக வெஸ்ட்ஃபாலன் அரங்குக்குக் குடிபெயர்ந்தது என்று சொல்லலாம்.

இது முக்கியம். எதிராளி வராத போட்டியில் வாங்கிய பட்டத்துக்கு எப்போதும் ஓர் அடைப்புக்குறி ஒட்டிக்கொண்டிருக்கும். டோர்ட்முண்டில் அந்த அடைப்புக்குறிக்கு இடமில்லை. ஒலிம்பிக் சாம்பியன்கள் பதக்கத்தின் சூடு ஆறாமல் எதிரே நின்றார்கள். நடுவர் குழு வேறு. தீர்ப்பும் வேறு. முதலிடம் ரெகோட்ஸி-ஷல்லாய், இரண்டாமிடம் லினிச்சுக்-கார்போனோசவ், மூன்றாமிடம் மொய்சேயெவா-மினென்கோவ்.

1969-இல் பிரிட்டனின் டயான் டவுலர், பெர்னார்ட் ஃபோர்ட் வென்றதற்குப் பின் சோவியத் அல்லாத ஒரு ஜோடி ஐஸ் டான்ஸ் உலகப் பட்டத்தை வென்றது அதுதான் முதல்முறை. ஹங்கேரிக்கு ஃபிகர் ஸ்கேட்டிங்கின் எந்தப் பிரிவிலும் 1949-க்குப் பின் கிடைத்த முதல் உலகப் பட்டமும் அதுவே. ஐஸ் டான்ஸில் ஹங்கேரியின் முதல் உலகப் பட்டம் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. இத்தனைக்கும் இவர்கள் ஐரோப்பியப் பட்டத்தை ஒருமுறைகூட வென்றதில்லை. இரண்டு வெள்ளி, இரண்டு வெண்கலம், அவ்வளவுதான். உலகத்தை வென்றவர்கள் ஐரோப்பாவை வெல்லவில்லை!

ஒலிம்பிக்கில் தவறியதை டோர்ட்முண்ட் நடுவர்கள் சரிசெய்தார்கள் என்று எழுதியவர்கள் உண்டு. அமெரிக்க மண்ணில் வந்த சோவியத் வெற்றி நடுவர் குழுவின் தற்செயல் என்று எழுதியவர்களும் உண்டு. 5-4 என்ற முடிவை வைத்துக்கொண்டு சதி என்று கூவுவதில் எனக்கு உடன்பாடில்லை. அந்த இரண்டு ஜோடிகளும் அந்த வருடம் சமமாக இருந்தார்கள். சமமாக இருப்பவர்களைப் பிரிக்க அந்த முறைக்குத் தெம்பு இல்லை. பத்தில் ஒரு புள்ளியை எங்கே கூட்டுவது, எங்கே குறைப்பது என்பதற்கு எழுதிவைத்த விதி அன்று கிடையாது. அடுத்த சீசனிலேயே கணக்கிடும் முறையைச் சங்கம் மாற்றியது. புள்ளிகளைக் கூட்டுவதை விட்டுவிட்டு, ஒவ்வொரு பகுதியிலும் கிடைத்த இடத்துக்கு எடை போடும் முறை வந்தது. 6.0 மட்டும் 2000களின் தொடக்கம்வரை உயிரோடு இருந்தது.

டோர்ட்முண்டோடு ரெகோட்ஸியும் ஷல்லாயும் அமெச்சூர் போட்டிகளிலிருந்து விலகித் தொழில்முறை ஆட்டத்துக்குப் போனார்கள். ரெகோட்ஸிக்கு 24, 25 தொடப்போகும் வயது, ஷல்லாய்க்கு 26. இன்றைய ஐஸ் டான்ஸ் ஜோடிகள் பலர் அந்த வயதில்தான் பதக்கத்தை எட்டிப் பார்க்கிறார்கள். உச்சியில் நின்றுகொண்டே இறங்கிப்போனதால்தான் வரலாறு அவர்களைச் சீக்கிரம் மறந்தது என்று தோன்றுகிறது. ஒரே ஒரு உலகப் பட்டம். அதைக் காக்க வந்து தோற்றதில்லை, மறுபடி வென்றதுமில்லை. லினிச்சுக் பெயராவது அடிக்கடி காதில் விழுகிறது. அவரும் கார்போனோசவும் பயிற்சியாளர்களாகி ஒக்சானா கிரிஷ்சுக், யெவ்கேனி பிளாட்டோவ் போன்ற சாம்பியன்களை வளர்த்தார்கள்.

ஹங்கேரியின் விளையாட்டுக் கணக்கில் மட்டும் அந்த வெள்ளி வெகுகாலம் தனியாக நின்றது. 1932 முதல் 1980 வரை அந்நாடு குளிர்கால ஒலிம்பிக்கில் வாங்கிய பதக்கங்கள் ஆறு. ஆறும் ஃபிகர் ஸ்கேட்டிங்கில். ஆறும் ஆணும் பெண்ணும் சேர்ந்து வாங்கியவை. ஏழாவது பதக்கத்துக்கு 38 வருடம் காத்திருக்க வேண்டியிருந்தது. 2018-இல் தென்கொரியாவில் ஆண்கள் 5000 மீட்டர் ஷார்ட் டிராக் ஸ்கேட்டிங் தொடர் ஓட்டத்தில் ஹங்கேரி தன் முதல் குளிர்கால ஒலிம்பிக் தங்கத்தை வென்றது. அதுவும் பனித்தளத்தில்தான், ஆனால் நடுவர் மதிப்பெண் இல்லாத, கடிகாரமும் எல்லைக்கோடும் தீர்ப்புச் சொல்லும் விளையாட்டில்.

பெட்டி காலவேக்கு 1980 இரட்டை அறுவடை. லேக் பிளாசிட்டில் அவருடைய ஒரு ஜோடி இரண்டாமிடம், இன்னொரு ஜோடி ஐந்தாமிடம். டோர்ட்முண்டில் ஒன்று முதலிடம், மற்றது நான்காமிடம். முதலிடத்துக்காரர்கள் விலகிவிட்டார்கள். நான்காமிடத்துக்காரர்கள் இருந்தார்கள். நாட்டிங்காம் நகரின் ஓர் இன்சூரன்ஸ் குமாஸ்தாவும் ஒரு போலீஸ்காரரும். ஜேன் டார்வில், கிறிஸ்டோபர் டீன். மறு ஆண்டு அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டில் நடந்த உலகப் போட்டியில் அவர்கள் முதலிடம் வந்தார்கள். அடுத்த வாரம் அவர்களோடு நாட்டிங்காமுக்குப் போவோம்.

(தொடரும்)